கராஜில் ஹோமம்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. சென்னையில் இருந்த காலத்தில் தீபாவளி என்றால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவேன். தெருவில் வெடித்து ஓய்ந்த பிறகுதான் பால் வாங்கவே இறங்குவேன். அப்படிப்பட்டவன் டெக்சாஸுக்கு வந்து, ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லேண்டில் வீடு வாங்கி, வெடிமருந்தோடு குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று. அதைக் கொண்டுவந்து வைத்தது தொப்பி போட்ட டெக்சாஸ்காரன் எவனும் இல்லை. கரூரில் பிறந்து, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்து, பெரியவர்கள் பார்த்து எனக்குக் கட்டிவைத்த என் மனைவிதான்.

அவளுக்கு எண்ணெய் கம்பெனியில் வேலை. ஹூஸ்டனில் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர்களைக் குளிர்வித்தாக வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போய்த் துப்பாக்கி சுட வைப்பார்கள். ஒரு மெஷின் ஆரஞ்சு நிறத்தில் சின்ன சாஸர் அளவு களிமண் தட்டை வானத்தில் வீசும். அதை ஷாட்கன்னால் சுட்டு உடைக்க வேண்டும். டீமில் எல்லாரும் போகிறார்கள் என்று ஒப்புக்குச் சப்பாணியாகப் போனவள், தோளில் கன்றிப்போன காயத்தோடும் முகம் கொள்ளாத சிரிப்போடும் திரும்பி வந்தாள்.

"ஏனுங்க, அது ஒடையறப்ப நீங்க பாக்கோணும். அப்படியே தூளாப் போகுதுங்க!"

எனக்கு அன்றைக்கே பயம் வந்துவிட்டது. பயந்ததில் தப்பில்லை என்பது பிறகு தெரிந்தது.

துப்பாக்கி வாங்கினாள். அதை இரும்புப் பெட்டியில் பூட்டிச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். அதைப்பற்றி நான் குறை சொல்ல முடியாது. தொல்லை தோட்டாவில் ஆரம்பித்தது. அவள் இந்த விளையாட்டில் இறங்கி, கை தேர்ந்து, சனிக்கிழமை சுடாவிட்டால் தூக்கம் வராது என்ற நிலைக்கு வந்தபோது, கடைகளில் தோட்டா காணாமல் போனது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தேர்தல் என்றார்கள், எங்கோ நடக்கும் யுத்தம் என்றார்கள், ஜனங்கள் பயந்துபோய் வாங்கிப் பதுக்குகிறார்கள் என்றார்கள். இந்தக் கடைசிக் காரணம் எனக்குப் புரிந்தது. பயந்தால் நான் பருப்பு வாங்கிப் பதுக்குவேன், அவர்கள் தோட்டா பதுக்குகிறார்கள்.

இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்டில் காய்கறி வாங்கப் போகிற சனிக்கிழமைகளில், வழியில் இருக்கும் எல்லாத் துப்பாக்கிக் கடைகளிலும் எங்கள் கார் நின்றது. நான் கைக்குழந்தையான மகளோடு காரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் போன வேகத்தில் திரும்பி வருவாள். அலமாரி காலி, அல்லது ஆளுக்கு ஒரு பெட்டிதான், அதுவும் போன தடவை பார்த்த விலை இல்லை. "தங்கத்த நிறுத்து விக்கற மாதிரி விக்கறானுங்க" என்று முனகிக்கொண்டே அந்த ஒரு பெட்டியை முருங்கைக்காய்ப் பையில் செருகுவாள். அதையாவது தனிப் பையில் போடேன் என்று நான் கெஞ்சுவேன். தக்காளி விலை ஏறினால் தக்காளி இல்லாமல் ரசம் வைக்கிறோமே, அதுபோல இதையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த கடைக்குக் காரை விடச் சொன்னாள்.

பிறகு ஒருநாள் கராஜில், வெட் கிரைண்டருக்குப் பக்கத்தில், ஒரு மர பெஞ்சு வந்தது. பெஞ்சின் மேல் கைப்பிடி வைத்த ஒரு இரும்புக் கருவி. சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டைக் குப்பையில் போடாமல், மறுபடியும் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாமாம். கூட்டின் அடியில் பொறி தட்டுகிற ப்ரைமர் என்ற சின்னக் கிண்ணி, அதன்மேல் அளந்து கொட்டிய வெடிமருந்துப் பவுடர், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு, அதற்கும் மேல் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசான ஈயக் குண்டுகள். கடைசியில் கைப்பிடியை அழுத்தினால் கூட்டின் வாய் பூப்போல மடிந்துகொள்ளும். மைதானத்தில் மற்றவர்கள் விட்டுப்போன காலிக் கூடுகளை அவள் குனிந்து குனிந்து பொறுக்கிச் சேர்த்தாள்.

அவள் கவனமானவள். கவனமில்லாதவள் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். பெஞ்சில் உட்கார்ந்தால் போனைத் தொடமாட்டாள், ஒரு நேரத்தில் ஒரு பவுடர் கேனுக்கு மேல் வெளியே எடுக்கமாட்டாள். தன்னுடைய பவுடர் எப்படி இருக்கும், எப்படி வாசம் அடிக்கும், தட்டில் எப்படி வழுக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. ஆனால் என் பயம் அவளுடைய கவனத்தைப் பார்த்து அடங்குகிற ஜாதி இல்லை. எங்கள் மகளின் அறைக்கும் கராஜுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அமெரிக்கச் சுவர், தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம் கேட்கும். நான் யாரிடமும் சொல்லாமல் தொட்டிலை இழுத்து எதிர்ப்பக்கத்து மூலையில் போட்டேன். வெயில் காலத்தில் கராஜின் சூடு ஏற ஏற நான் அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"ஏனுங்க, டேங்க் நெறயப் பெட்ரோல வெச்சுக்கிட்டு ஃப்ரீவேல அந்த வேகத்துல டிரைவ் பண்றீங்க, அதுக்குப் பயமில்ல. இது சும்மா வெச்சா சும்மா இருக்கும். நெருப்புக் காட்டுனாத்தான் எரியும்."

"அதான் எனக்குப் பயமே. நெருப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கராஜுல எவனுங்க நெருப்பு வெக்கப்போறான்?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்த ஆளைத் தேடி நாங்கள் வெளியே போக வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் பவுடரும் கிடைக்காமல் போயிற்று. முதலில் அவளுக்குப் பிடித்த வகை, பிறகு எந்த வகையும். அவளோடு வேலை பார்த்த மதுரைக்காரர் ஒருவர் அவளுக்குச் சுடுவதில் கூட்டாளி. அவளைத் தங்கச்சி என்றும், அந்த முறையில் என்னை மாப்ள என்றும் கூப்பிடுவார். அவர் வீட்டம்மாவும் எங்களோடு ஒட்டு. எங்கள் கராஜ் கதவைத் திறக்க அழுத்துகிற நம்பர் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வாங்கும் மாம்பழப் பெட்டியில் பாதி எங்கள் கராஜுக்கு வரும், நாங்கள் வாங்கும் அரிசி மூட்டையில் பாதி அவர்கள் கராஜுக்குப் போகும். பிரித்துக்கொடுக்க எல்லாருக்கும் இருக்கவே இருக்கிறது தயிர் டப்பா. இந்த நாட்டில் தயிர் டப்பாவைத் தூக்கி எறிகிற தமிழ்க் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. சாம்பார்ப் பொடி, இட்லி மாவு, திருகாணி, மருதாணி எல்லாம் அதே வெள்ளை டப்பாவில்தான் இருக்கும்.

மகளுக்கு முதல் நட்சத்திரப் பிறந்தநாள் வந்தது. ஆயுஷ்ய ஹோமமும், கூடவே நவக்கிரக ஹோமமும் செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். வீட்டுக்குள் புகை போட்டால் அலாரம் அலறும். ஆகவே இங்கே எல்லாரும் செய்வதுபோல கராஜில் செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, கதவைத் தூக்கிவைத்துச் செய்வதாக ஏற்பாடு. கேட்ட மாத்திரத்தில் எனக்கு வேர்த்துவிட்டது.

"அட, நான் அத்தனையும் வெளிய எடுத்துடறேனுங்க" என்றாள். கொல்லைப்புறத்தில் தோட்டச் சாமான் வைக்கும் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதற்குள் பூட்டுப் போட்ட மர அலமாரி. எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவதாகச் சொன்னாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் மதுரைக்காரருக்குப் பவுடர் சிக்கியது. எங்கேயோ சான் அன்டோனியோ போகிற வழியில் ஒரு கடையில் பெரிய கேன் மட்டும் இருந்ததாம். விலையைக் கேட்டால் மயக்கம் வருமாம். போனில் அவர் குரல் எனக்கே கேட்டது.

"தங்கச்சி, விட்டா இனி எப்ப கெடைக்குமோ. நாலு பேரு பிரிச்சுக்கிருவோம். ஒன் பங்க ஒங்க வீட்டுல வச்சிர்றேன்."

"அண்ணா, பவுடர அதோட கேன்ல இருந்து மாத்தவே கூடாதுங்க. என்கிட்ட அதே பவுடரோட காலிக் கேன் இருக்குது. அதுல ஊத்திக்கிறேன். அதுவரைக்கும் எதுல கொண்டாருவீங்க?"

"அதெல்லாம் நல்லாத் தொடச்ச டப்பாதான். ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது தங்கச்சி."

அவள் எழுந்துபோய் அந்தக் காலிக் கேனைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு சரி என்றாள். அலமாரிகள் காலியாகக் கிடந்த அந்த மாதங்களில் யாரும் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஹோமத்துக்கு முந்தின நாள் நாங்கள் இருவரும் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோயிருந்தோம். அந்த நேரத்தில் மதுரைக்காரர் எங்கள் கராஜைத் திறந்து சாமான்களை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் வீட்டம்மா எங்களுக்காக வாங்கியிருந்த நெல்பொரி, நவதானியம், சமித்து, கறுப்பு எள் எல்லாம் ஒரு கட்டைப்பையில். பெஞ்சின் மேல் தனியாக ஒரு வெள்ளை டப்பா. என் மனைவிக்கு மெசேஜும் வந்தது: உன் சாமான் பெஞ்சுல இருக்கு தங்கச்சி. அவள் அந்த டப்பாவையும், ப்ரைமர்களையும், அந்தக் காலிக் கேனையும், கழற்றிய கருவியையும் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். குழந்தை காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டிருந்ததால் கேனில் மாற்றுவதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். எனக்காக இன்னொரு தடவையும் இழுத்துக் காட்டினாள். அன்றைக்கு ரொம்ப நாளுக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் குருக்கள் வந்தார். விருந்தாளிகள் கராஜ் வாசலில், டிரைவ்வேயில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மதுரைக்காரர் வீட்டம்மா கட்டைப்பையைப் பிரித்து, டப்பாக்களைக் குருக்களின் கைக்கு எட்டுகிற இடத்தில் வரிசையாக வைத்தார். காற்று அடித்ததால் மூடியைத் திறக்கவில்லை. நான் வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மடியில் மகள், பட்டுப்பாவாடையும் காய்ச்சல் விட்ட புதுத் தெம்புமாக. பக்கத்தில் மனைவி. நெய் விட விட நெருப்பு நன்றாக எழும்பி, என் முழங்கால் சுட்டது.

நெருப்பைப் பார்த்தபடி நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது மந்திரம் இல்லை. கொட்டகை தூரத்தில் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, கொட்டகை தூரத்தில் இருக்கிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனீஸ்வரனுக்கு முறை வந்தது. குருக்கள் ஒரு டப்பாவைத் திறந்து, கறுப்பாக இருந்ததைப் பேப்பர் தட்டில் சாய்த்தார்.

"எள்ளு வந்திருக்கு. குழந்தை கையால தொட்டுக் குடுங்கோ, நான் போடறேன்" என்றார்.

தட்டை என் பக்கம் நீட்டினார். நான் மகளின் விரலைப் பிடித்துத் தொட வைக்கப் போனேன். ஒரு வயசுக் குழந்தை தொடுவதோடு நிற்குமா? ஐந்து விரலையும் விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். குருக்களும் சிரித்தபடியே தன் பங்குக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு, நெருப்பை நோக்கிக் கையை நீட்டி மந்திரத்தை ஆரம்பித்தார்.

தட்டில் மிச்சம் இருந்தது ஒரு பக்கமாகச் சரிந்தது. எள் அப்படி வழுக்கிச் சரியாது. அது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது.

என் மனைவி பாய்ந்து குருக்களின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். ஹோமத்தின் நடுவில், அத்தனை பேர் முன்னால். டிரைவ்வேயில் சிரிப்பு நின்றது.

"சாமி, கைய மூடிக்குங்க. போட்டறாதீங்க, கீழயும் விட்டறாதீங்க. அப்படியே எந்திரிச்சு வெளிய வாங்க."

குரலை உயர்த்தவே இல்லை. என் பக்கம் திரும்பி, அதே குரலில், "ஏனுங்க, பாப்பா கைய உங்க கைக்குள்ள வெச்சுப் பொத்திக்கிட்டு வெளிய போங்க" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் பயந்து நான் பார்த்ததில்லை. பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

என் கால் எழும்பவில்லை. இதை நான் வேறு மாதிரிகூடச் சொல்லலாம், ஆனால் உண்மை இதுதான்: நெருப்புக்கு ஒரு முழத்தில், மகளின் மூடிய கையைப் பிடித்தபடி, என் கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் கிடந்தது. செங்கல்லுக்குள் ஒரு சுள்ளி வெடித்துப் பொறி பறந்தது. அந்தப் பொறி மகளின் பாவாடை ஓரம்வரை வந்து அணைவதை முழுசாகப் பார்த்தேன். பிறகு எப்படி எழுந்தேன், எப்படிப் புல்தரைக்கு வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

தோட்டக் குழாயைத் திறந்து மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவளுக்குக் கோபம். பிடித்ததை விடமாட்டேன் என்று கத்தினாள். கறுப்புச் செதில்கள் உள்ளங்கை ரேகையில் ஒட்டிக்கொண்டிருந்தன. கழுவினேன், துடைத்தேன், மறுபடி கழுவினேன். என் வேட்டியிலும் அங்கங்கே கறுப்பு. குருக்கள் பக்கத்தில் வந்து நின்று, மூடிய கையைத் தண்ணீருக்குக் கீழே நீட்டித் திறந்தார்.

என் மனைவி டப்பாவை மூடி, பேப்பர் தட்டோடு சேர்த்து நெஞ்சில் அணைத்தபடி நடந்து வந்தாள். செடிக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பக்கெட்டில் அத்தனையையும் கொட்டினாள். அந்தப் பவுடருக்காக மதுரைக்காரர் எவ்வளவு தூரம் போனார், என்ன விலை கொடுத்தார் என்று அந்த நிமிஷத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே பையிலதான் எல்லாத்தையும் கொண்டு வந்தேன் தங்கச்சி. ஒண்ண எடுத்து பெஞ்சுல வச்சேன். ரெண்டும் ஒரே டப்பா. தொறந்து பாக்கல" என்றார். 

டிரைவ்வேயிலிருந்து யாரோ ஒரு ஆண்ட்டி, "என்னாச்சும்மா?" என்று குரல் கொடுத்தார்.

"எள்ளுல எறும்பு ஆண்ட்டி" என்றாள் என் மனைவி.

அந்தப் பொய் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்கள் இன்றுவரை அது எறும்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நெருப்பைப் பாதியில் விடக்கூடாது என்றார் குருக்கள். எள் வேண்டும் என்றார். அவள் கொட்டகைக்குப் போனாள், நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பூட்டைத் திறந்து, அலமாரியில் ப்ரைமர்களுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். சுத்தமான கறுப்பு எள். ராத்திரி முழுக்க அந்த எள்ளைத்தான் நாங்கள் பூட்டிக் காவல் வைத்திருந்தோம். அவள் அதை முகர்ந்து பார்த்தாள். விரலில் தேய்த்தாள். ஒரு சிட்டிகையை வாயில் போட்டு மென்றாள். அப்புறமும் நம்பிக்கை வராமல் என் வாயிலும் கொஞ்சம் போட்டாள்.

ஹோமம் நடந்து முடிந்தது. குருக்களின் குரல் மட்டும் கடைசிவரை கொஞ்சம் உயரத்திலேயே இருந்தது. மகள் மறுபடியும் தட்டில் கையை விட்டு எள்ளை அள்ளினாள். இந்தத் தடவை டிரைவ்வேயில் இருந்தவர்கள் மட்டும்தான் சிரித்தார்கள்.

அந்த இரும்புக் கருவி இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அவள் யாரிடமும் கலந்து பேசாமல் ப்ரைமர், ஈயக் குண்டு, காலிக் கூடுகள் என்று எல்லாவற்றையும் மைதானத்தில் ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டாள். சுடுவதை விடவில்லை. கடையில் தோட்டா கிடைத்தால், சொன்ன விலைக்கு ஒரு பெட்டி வாங்கி, அதை மைதானத்திலேயே தீர்த்துவிட்டு வருகிறாள். கிடைக்காத வாரம் போவதில்லை. மதுரைக்காரர் வீட்டோடு அரிசி மூட்டை பிரிப்பது இன்னும் நடக்கிறது, ஆனால் டப்பாவை வாங்கினால் அந்த இடத்திலேயே திறந்து பார்க்கிறோம். அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை. விருந்தாளிகள் போய்விட்டார்கள். பூஜை விளக்கைக்கூட அணைத்துவிட்டோம். மகளைக் குளிப்பாட்டித் துடைத்து, தொட்டிலில் போடுவதற்கு முன்னால் கை நகத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தின் அடியில் கறுப்பாக ஒன்று. நகவெட்டியின் நுனியால் மெதுவாக நெம்பி எடுத்தேன். தண்ணீரில் ஊறி நசுங்கியிருந்தது. காலையில் முதலில் அள்ளிய பவுடரா, இரண்டாவது தடவை அள்ளிய எள்ளா?

என் விரல் நுனியில் வைத்து மனைவியிடம் நீட்டினேன். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். நகத்தால் புரட்டிப் பார்த்தாள். பவுடரைத் தட்டில் சரிவதை வைத்தே கண்டுபிடித்தவள், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதை என் விரல் நுனியிலேயே திரும்ப வைத்தாள்.

"தெரியலீங்க" என்றாள். "எனக்குத் தெரியலீங்க."